தேனீப் பெட்டி கேட்கும் என் பிள்ளைகளுக்கு

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலைக்கு நடுவில் திறந்திருந்தால் மூடி வைத்துவிட்டு ராத்திரி சாப்பிட்ட பிறகு படியுங்கள். மணி அடித்த பிறகும் ஐந்து நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை என்று உங்களுக்குத் தெரியும்.

மே 20 உலகத் தேனீ நாள். 2018 முதல் ஐக்கிய நாடுகள் சபை அந்த நாளைக் கடைப்பிடிக்கிறது. அன்று காலையிலிருந்து என் போனுக்கு வந்த செய்திகளில் பாதிக்கு மேல் ஒரே செய்திதான். தேனீ அழிந்தால் நாலே வருடத்தில் மனிதன் அழிந்துவிடுவான் என்று ஐன்ஸ்டீன் சொன்னாராம். பிள்ளைகளே, ஐன்ஸ்டீன் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. சொல்லப்பட்ட விஷயமும் சரியில்லை. நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் கம்புக்கும் தேனீ வேண்டாம். தன் மகரந்தமும் காற்றும் போதும். தேனீ போனாலும் சோறு இருக்கும். அந்தச் சோற்றுக்குப் பக்கத்தில் வைக்கும் பூசணியும் பாகற்காயும் முருங்கையும் மாங்காயும்தான் குறைந்துபோகும். அதுவே பெரிய நஷ்டம். அதைச் சொல்லிப் புரியவைக்கப் பொய் தேவையில்லை.

அந்தச் செய்திகளோடு கூடவே ஒரு கேள்வியும் வந்துகொண்டிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் மனைவி, மகளோடு வந்திருந்தான். தோட்டம் முழுக்கச் சுற்றிப் பார்த்தான், படம் எடுத்தான், துளசி மணக்க மணக்க நின்றான். கிளம்பும்போது, “டீச்சர், எனக்கு ஒரு தேனீப் பெட்டி மட்டும் ஏற்பாடு பண்ணிக் கொடுங்க. மொட்டை மாடியில வச்சுக்கறேன். நம்மால முடிஞ்சதச் செய்யணும்ல” என்றான். நான் வேண்டாம் என்றேன். அவன் முகம் வாடிப்போயிற்று. என் நாத்தனார் மகளும் குடும்பக் குழுவில் அதையே கேட்டிருந்தாள். அவளுக்கும் நான் பதில் போடவில்லை. இருவருக்கும் சேர்த்து, இதே எண்ணம் உள்ள மற்றவர்களுக்கும் சேர்த்து, இப்போது பதில் சொல்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேனீப் பெட்டி வாங்காதீர்கள். பூக்க விடுங்கள். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என் முட்டாள்தனத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நான் இருப்பது சிறுமலை அடிவாரத்தில், திண்டுக்கல் மாவட்டத்தில். அப்பா பாகம் பிரித்துக் கொடுத்த ஒன்றேகால் ஏக்கர். பணி ஓய்வுக்குப் பிறகு இங்கேயே வந்துவிட்டேன். துளசி, திருநீற்றுப்பச்சிலை, புதினா, கற்பூரவல்லி, ஆடாதோடை, கொஞ்சம் கொத்தமல்லி, கொஞ்சம் செண்டுமல்லி. வரப்போரம் முருங்கை, புங்கை, நொச்சி. சுற்றிலும் மல்லிகைத் தோட்டங்கள். பக்கத்துத் தோட்டம் என் தம்பியுடையது. அவன் முப்பது வருடமாக மல்லிகை போடுகிறவன். விடிவதற்கு முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறித்து நிலக்கோட்டை மார்க்கெட்டுக்கு அனுப்புகிறவன். இந்தப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், பூ வாசனையில்லாமல் இங்கே பேருந்துகூட ஓடாது.

இப்படிப்பட்ட ஊரில் தேனீக்கு என்ன குறை என்று நினைத்தேன். வந்த முதல் வருடமே இரண்டு பெட்டி வாங்கினேன். நம் நாட்டுத் தேனீதான், அடுக்குத் தேனீ என்போமே, அது. எறும்பு ஏறாமல் பெட்டிக்கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினேன். தேனீ திசை சொல்ல ஆடும் நடனத்தைக் கண்டுபிடித்த கார்ல் ஃபான் ஃபிரிஷுக்கு 1973இல் நோபல் பரிசு கிடைத்ததை வகுப்பில் வருடா வருடம் சொன்னவள் நான். அந்த நடனத்தை நேரில் பார்க்கப் போகிறேன் என்று சின்னப்பிள்ளை போலக் காத்திருந்தேன். மாசி, பங்குனியில் புங்கையும் வேம்பும் பூத்தபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆடிக் காற்று தொடங்கிய சமயம் ஒருநாள் காலை பெட்டியைத் திறந்தேன். காலி. அடை இருக்கிறது, தேனீ இல்லை. பத்து நாளில் இரண்டாவது பெட்டியும் காலி.

பெட்டி விற்றவரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். தம்பி அடிக்கிற மருந்தைக் குறை சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: “அக்கா, இந்த ஊர்ல பூ இருக்கு. பூத்த பூ எங்க இருக்கு?”

அந்த ஒரு கேள்விக்கு முப்பத்துமூன்று வருடம் அறிவியல் பாடம் நடத்திய எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வயலாக நடந்து பார்த்தேன். மல்லிகையை மொட்டிலேயே பறித்துவிடுகிறோம். அது விரிவது மாலையில், யாரோ ஒருவர் தலையில். சம்பங்கியும் உதிரிப்பூவாக விற்க, மொட்டு அவிழும் பருவத்திலேயே பறிபடுகிறது. செண்டுமல்லி விரிந்த பிறகுதான் பறிக்கிறோம். ஆனால் சந்தை கேட்பது அடுக்கடுக்காக இதழ் வைத்த பெரிய பூ; இதழ் கூடக் கூடத் தேனும் மகரந்தமும் குறைவு. மரிக்கொழுந்து கொழுந்தாகவே போய்விடும். கொத்தமல்லித்தழை நாற்பது நாளில் வேரோடு பிடுங்கப்படும். என் துளசியும் அப்படித்தான். மாலைக்காரர்களுக்கு வேண்டியது இளந்தளிர். கதிர் விட்டால் தளிர் குறையும் என்று, கதிர் தலை காட்டியதும் நானே கிள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். “மூலிகைத் தோட்டம், தேனீக்களின் சொர்க்கம்” என்று இதே முகநூலில் படம் போட்டவளும் நான்தான்.

ஆக, ஊர் முழுக்கப் பூ. வண்டுக்கு வாய்க்கு எட்டினது ஒன்றுமில்லை. கல்யாண மண்டபத்தின் நடுவில் பிள்ளையைப் பசியோடு உட்காரவைத்துவிட்டு, ஏன் எழுந்து போய்விட்டது என்று கேட்டவள் நான். நம் நாட்டுத் தேனீக்குச் சாப்பாடு இல்லையென்றால் கூட்டோடு கிளம்பிப் போய்விடும் சுபாவம் உண்டு. அது சரியாகத்தான் செய்தது.

இதில் உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. மகரந்தச் சேர்க்கைப் பாடம் நினைவிருக்கிறதா? கரும்பலகையில் செம்பருத்திப் பூவை நீளவாக்கில் வெட்டிப் படம் போடுவேன். பாகங்களைக் குறித்தால் ஐந்து மதிப்பெண். மகரந்தம் எப்படிப் போகிறது என்றால், “தேனீ, வண்டு, காற்று, நீர்” என்று நாலு சொல். நம் பள்ளிக்கூடச் சுவரைத் தாண்டினால் கத்தரித் தோட்டம் இருந்தது. முப்பது வருடத்தில் ஒருநாள்கூட உங்களை அங்கே கூட்டிப்போய் நிறுத்தவில்லை. போயிருந்தால் நானே கற்றுக்கொண்டிருப்பேன்.

கத்தரிப்பூவைப் பாருங்கள். நடுவில் மஞ்சளாகக் குவிந்து நிற்பவை மகரந்தப் பைகள். அவற்றின் நுனியில் மட்டும் ஊசித்துளை மாதிரி ஓட்டை. உப்பு டப்பாவைக் கவிழ்த்துத் தட்டுகிற மாதிரி யாராவது உலுக்கினால்தான் மகரந்தம் நன்றாகக் கொட்டும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. அதைச் செய்வது வயிற்றில் நீலப் பட்டை போட்ட ஒரு தனித் தேனீ. பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ‘ர்ர்ர்’ என்று உடம்பை அதிர வைக்கும். காலையில் என் கத்தரிப் பாத்தியில் நின்றால் காதால் கேட்கலாம். அது கூட்டமாக வாழாது, தேன் சேர்க்காது, பெட்டிக்கு வராது. வெறும் மண்ணில், மண்சுவரில் துளை போட்டு முட்டை வைக்கும். அதன் ஆண்கள் சாயங்காலமானால் காய்ந்த குச்சியொன்றை வாயால் கவ்விக்கொண்டு வரிசையாகத் தூங்கும். முதல்முறை பார்த்தபோது செத்துத் தொங்குகிறது என்று நினைத்துவிட்டேன்.

முருங்கைப் பூவுக்குப் பெரிய கருவண்டு வரும். அதுவும் தேனீ இனம்தான், காய்ந்த மரத்தில் துளை போட்டு வாழும். துவரைக்கு இலைவெட்டித் தேனீ. ரோஜா இலையில் கவராயம் வைத்து வெட்டினதுபோல வட்டமாக வெட்டு இருந்தால் அது அந்தத் தேனீயின் வேலை. கூடு கட்ட எடுத்துப்போகிறது. நான் அதை நோய் என்று நினைத்து மருந்து கேட்கக் கடைக்கே போய்விட்டேன். சுரைக்காயும் புடலையும் வெள்ளையாக இரவில் பூப்பது விட்டில் பூச்சிகளுக்காக. பம்ப்செட் அறைச் சுவர் இடுக்கில் கொசுத்தேனீ. கொட்டத் தெரியாத, கொசு அளவே ஆன தேனீ. வாசலில் பிசினால் சின்னக் குழாய் வைத்திருக்கும். அப்பா காலத்திலிருந்தே அந்தச் சுவரில் இருக்கிறது.

இவ்வளவு பேர் வேலை செய்யும் இடத்தில், “தேனீயைக் காப்போம்” என்றால் நம் கண்ணுக்குப் பெட்டி மட்டும்தான் தெரிகிறது. காரணம், பெட்டியில் தேன் இருக்கிறது. நமக்கு என்ன கிடைக்கும் என்பதை வைத்துத்தான் நாம் அன்பு காட்டுகிறோம்.

பெட்டி வாங்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். பெட்டி வைத்தால் சாப்பிடும் வாய்தான் கூடும், சாப்பாடு கூடாது. ஏற்கெனவே பூ குறைந்த இடத்தில் ஆயிரக்கணக்கில் தேனீயைக் கொண்டுவந்து இறக்கினால், சுவர் இடுக்கிலும் மண் துளையிலும் இருப்பவற்றின் பங்கைத்தான் அவை எடுக்கும். இரண்டாவது காரணம், ஒரே இனத்தை நம்பி இருப்பது ஆபத்து. 1990களின் தொடக்கத்தில் ஒரு வைரஸ் நோய் வந்து தென்னிந்தியாவில் பெட்டித் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பகுதியை அழித்துவிட்டது. கன்னியாகுமரி மாவட்டத்தில் அதை நம்பியிருந்த குடும்பங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்தச் சமயத்தில் கத்தரியும் முருங்கையும் காய்த்தது, பேர் தெரியாத மற்ற தேனீக்களால்.

“அப்படியானால் மார்த்தாண்டத்தில் தலைமுறையாகப் பெட்டி வைத்துப் பிழைக்கிறார்களே, டீச்சர்?” என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அவர்களை நான் ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். அங்கே சாப்பாடு இருக்கிறது. ரப்பர் மரம் பழைய இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது, அதன் இளம் இலைக்காம்பில் தேன் சுரக்கும். பூவில் அல்ல, இலையில். மைல் கணக்கில் ரப்பர்த் தோட்டம். அவர்கள் எங்கே, எந்த மாதம், என்ன சுரக்கிறது என்று தெரிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள். அது தொழில். மொட்டை மாடியில் ஒரு பெட்டியும் பக்கத்தில் ஒரு படமும் அந்தக் கணக்கில் வராது. உங்கள் வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் வருடம் முழுக்க என்ன பூக்கிறது என்று பன்னிரண்டு மாதமும் எழுதிக் காட்டுங்கள். அதில் ஒரு மாதம்கூட வெறுமையாக இல்லையென்றால் நானே உங்களுக்குப் பெட்டி வாங்கித் தருகிறேன்.

பெட்டி போன பிறகு நான் செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. பத்துப் பாத்தியில் ஒன்றை அறுக்காமல் விட ஆரம்பித்தேன். அவ்வளவுதான். துளசியில் ஒரு பாத்தி கதிர் விடும். கொத்தமல்லியில் ஒரு பாத்தி வெள்ளையாகப் பூத்து விதையாகும். திருநீற்றுப்பச்சிலை ஒரு வரிசை முற்றும். மாதா மாதம் பாத்தி மாறும். எங்கள் பாட்டி நெல் அறுக்கும்போது மூலையில் ஒரு பிடியைக் குருவிக்கென்று விட்டுவிட்டு வருவாள். அதேதான், பாத்தி அளவில்.

வரப்பில் தும்பையையும் மூக்குத்திப்பூவையும் செதுக்குவதை நிறுத்தினேன். வெட்டுக்காயப் பூண்டு என்பீர்களே, அந்த மூக்குத்திப்பூ வெளிநாட்டிலிருந்து வந்த களைதான். ஆனால் வேறெதுவும் பூக்காத வெயிலில் அது ஒன்றுதான் சாப்பாடு போடுகிறது. கிணற்றடியில் நாலடிக்கு மண்ணை மூடாமல், கொத்தாமல் விட்டேன். காய்ந்த முருங்கைக் கிளையை அடுப்புக்கு எடுக்காமல் வேலியில் சாய்த்தேன். மண்சட்டியில் கூழாங்கல் போட்டுக் கல் நனையும் அளவுக்குத் தண்ணீர் வைத்தேன். ஆழமாக வைத்தால் விழுந்து செத்துவிடும்.

பூத்த கொத்தமல்லிக்கு முதலில் வந்தவை தேனீ இல்லை. தேனீ மாதிரி வேஷம் போட்ட, அந்தரத்தில் அசையாமல் நிற்கும் ஒரு ஈ. அதன் புழு அசுவினியைத் தின்னும். என் கத்தரியிலும் தட்டைப்பயறிலும் அசுவினி குறைந்தது. அறுக்காமல் விட்ட பாத்தி எனக்கும் கூலி கொடுத்தது என்றுதான் சொல்ல வேண்டும். பட்டாம்பூச்சிகளும் வந்தன. ஆனால் பட்டாம்பூச்சி வேண்டுமென்றால் புழுவும் வேண்டும் என்று ஒத்துக்கொள்ளுங்கள். 2019இல் தமிழ் மறவனை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தபோது எல்லோரும் கைதட்டினோம். ஆனால் கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் போல உட்கார்ந்திருக்கும் புழுவைப் பார்த்தால் நசுக்கிவிடுகிறோம். நாலு இலை தின்னட்டும், விடுங்கள். நாலு வாரத்தில் கருப்புச் சிறகோடு உங்கள் வாசலிலேயே பறக்கும்.

இப்போது இந்தப் பதிவின் கஷ்டமான பகுதிக்கு வருகிறேன். இதை எழுதலாமா என்று தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இரண்டு வருடம் முன்பு வைகாசியில், காலை ஒன்பது மணி இருக்கும், தம்பி தோட்டத்தில் மொட்டுப்புழுவுக்கு மருந்து அடித்தார்கள். காற்று என் பக்கம். மதியம் பம்ப்செட் அறைப் பக்கம் போனேன். கொசுத்தேனீக் கூட்டின் குழாய்க்குக் கீழே, எள் கொட்டினது போல, செத்துக் கிடந்தன. முருங்கைக்கடியில் கருவண்டு ஒன்று மல்லாந்து கால் உதறிக்கொண்டிருந்தது. நான் வரப்பில் நின்று, ஆட்கள் முன்னால், தம்பியை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். “படிச்சவளா இருந்து என்ன பிரயோஜனம், கூடப்பொறந்தவனுக்குக்கூடப் புரிய வைக்க முடியல” என்றும் சொன்னேன். அதுதான் அவனைத் தைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு நாலு மாதம் அவன் என்னோடு பேசவில்லை. ஆடிப் படையலுக்குக்கூட வீட்டுக்கு வரவில்லை. அவன் மனைவி மட்டும் பூ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

பேச்சு திரும்ப ஆரம்பித்தபோது அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அக்கா, மொட்டுல புழு இருந்தா கடையில பாதி விலைதான். தை முகூர்த்தத்துல ஆயிரக்கணக்குல விக்கிற பூ, சீசன்ல கொட்டிக் கெடந்தா பறிகூலிக்குக்கூடக் கட்டாது. உனக்கு மாசம் ஒண்ணாந்தேதி பென்சன் வந்துரும். நீ பத்துல ஒரு பாத்திய விடலாம். எனக்கு இந்தப் பூதான் பென்சன். நான் எதை விடுறது?”

பிள்ளைகளே, இதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடமும் இருக்காது. என் தோட்டத்துக் கணக்கை மறைக்காமல் சொல்கிறேன். துளசிக் கட்டு, புதினா, காயவைத்த மூலிகை, விதை எல்லாம் விற்று, செலவு போக என் கையில் நிற்பது மாதம் நாலாயிரம், ஐயாயிரம். சில மாதம் அதுவும் இல்லை. “ஒரு ஏக்கரில் லட்சங்கள்” என்று வரும் காணொளிகளைப் பார்த்து வேலையை விட்டுவிட்டு வரலாமா என்று கேட்கும் என் பிள்ளைகள் இந்த வரியை இரண்டு முறை படியுங்கள். நான் பூச்சிகளிடம் தாராளமாக இருக்க முடிவது என் பென்சனால். ஓய்வூதியக்காரி ஒருத்தி, விலைக்காகக் காத்திருக்கும் விவசாயியைப் பார்த்து, “உனக்கு இரக்கம் இல்லையா?” என்று கேட்டது தவறு. அந்தத் தவறை நான் செய்தேன்.

அதனால் பேச்சை வேறு மாதிரி ஆரம்பித்தோம். காலையில் அடிக்கிற மருந்தைச் சாயங்காலம் அடிக்க முடியுமா என்று கேட்டேன். பொழுது சாயும் நேரத்தில் தேனீக்கள் கூட்டுக்குப் போயிருக்கும், ஆடியைத் தவிர மற்ற மாதங்களில் காற்றும் அநேகமாக அடங்கியிருக்கும். முடியும், ஆனால் சாயங்காலம் ஆள் வர மாட்டான், வந்தால் கூலி அதிகம் கேட்பான் என்றான். அந்தக் கூடுதல் கூலியை நான் தருகிறேன் என்றேன். முதலில் அவனுக்கு ரோஷம் வந்தது. “என் தோட்டத்துக்கு நீ கூலி குடுக்கறதா?” என்றான். “உன் தோட்டத்துக்கு இல்லடா, என் கொசுத்தேனீக்கு” என்றேன். சிரித்துவிட்டான். ஒரு தடவைக்கு நூற்றைம்பது ரூபாய். இரண்டு வருடமாகக் கொடுத்துவருகிறேன். வரப்பில் களைக்கொல்லி அடிப்பதையும் விட்டுவிட்டான். மல்லிகையைச் சுற்றித் தட்டைப்பயறு போட்டிருக்கிறான். பயறு அவன் வீட்டுக்கு, பூ வண்டுக்கு.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில மருந்துகளின் விஷம் சாயங்காலம் அடித்தாலும் மறுநாளும் அதற்கு மேலும் இருக்கும். மற்றத் தோட்டங்களில் இன்னும் காலையில்தான் அடிக்கிறார்கள். பம்ப்செட் அறைச் சுவரில் அந்தக் குழாய் ஒரு வருடம் வெறுமையாக இருந்தது. நான் தினமும் போய்ப் பார்ப்பேன், ஒன்றும் இருக்காது.

என் கருத்து இதுதான். பூச்சியைக் காப்பாற்றும் செலவை விவசாயி தலையில் மட்டும் கட்டக் கூடாது. ஒரு புள்ளி இல்லாத மொட்டு வேண்டும், சொத்தை இல்லாத கத்தரிக்காய் வேண்டும், விலையும் குறைவாக வேண்டும், தேனீயும் வாழ வேண்டும் என்றால் அது நடக்காது. நாலில் எதையாவது நாம் விட்டுக்கொடுக்க வேண்டும். பாதுகாக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவன்தான் முதலில் பையில் கை விட வேண்டும். தேனீப் பெட்டிக்குச் செலவழிக்கத் தயாராக இருந்தீர்கள் அல்லவா? அந்தப் பணத்துக்கு இதோ வேலை.

ஊரில் நிலம் இருந்து குத்தகைக்கு விட்டிருக்கும் பிள்ளைகள்: குத்தகைக்காரரிடம் பத்தில் ஒரு பங்கு நிலத்தைப் பூக்க விடச் சொல்லுங்கள். அந்தப் பத்தில் ஒரு பங்குக்குக் குத்தகைப் பணம் வாங்காதீர்கள். சொல்வதை மட்டும் சொல்லிவிட்டுப் பணத்தை முழுதாக வாங்கினால் அது உபதேசம்.

மாடியில் தொட்டி வைத்திருப்பவர்கள்: நாலு துளசி இருந்தால் ஒன்றைக் கதிர் விட விடுங்கள். சமையலறைக் கொத்தமல்லி விதையை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துத் தூவி, பாதியைப் பறித்து, பாதியைப் பூக்க விடுங்கள். சின்ன ஈயிலிருந்து நீலப்பட்டைத் தேனீ வரை யார் வருகிறார்கள் என்று பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். செல்போன் வேண்டாம்.

வீடு கட்டுகிறவர்கள்: காலி இடம் முழுக்க சிமெண்ட் போடாதீர்கள். ஒரு முழம் மண்ணாவது மூச்சு விடட்டும்.

காய் வாங்கப் போகிறவர்கள்: ஒரு ஓட்டை இருந்தால் அந்தத் துண்டை வெட்டிப் போட்டுவிட்டுச் சமையுங்கள். நம் அம்மாமார்கள் அப்படித்தான் சமைத்தார்கள்.

உங்களில் ஆசிரியரானவர்கள் இருபது பேருக்கு மேல் இருக்கிறீர்கள். உங்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். மகரந்தச் சேர்க்கைப் பாடம் வரும் வாரம், பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கத்தரிச் செடியோ பூசணிக் கொடியோ தேடிப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். காலை எட்டு மணிக்குப் போங்கள், பத்து மணிக்கு மேல் போனால் பூசணிப் பூ வாடிவிடும். ஆண்பூ எது, பெண்பூ எது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். பெண்பூவின் கீழே குட்டிப் பூசணி இருக்கும், நீங்கள் சொல்லவே வேண்டாம். படம் வரையத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் மறக்காது. நான் செய்யாததை நீங்கள் செய்யுங்கள்.

கோயம்புத்தூர்ப் பையனுக்கு ஒரு வார்த்தை. நீ கோபித்துக்கொண்டு போனது எனக்குத் தெரியும். என் காலிப் பெட்டிகள் இரண்டும் இன்னும் திண்ணையில்தான் இருக்கின்றன. எலி ஏறாது என்பதால் அவற்றில் விதை போட்டு வைத்திருக்கிறேன். துளசி, திருநீற்றுப்பச்சிலை, நாட்டுக் கொத்தமல்லி, தும்பைகூட இருக்கிறது. அடுத்த முறை வரும்போது பெட்டியைத் திறந்து உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள். உன் மகள் அன்றைக்குத் துளசிக் கதிர் பக்கத்தில் அரை மணி நேரம் குந்தி உட்கார்ந்திருந்தாளே, அவளிடம் கேள். எத்தனை வகை வந்தது என்று விரல் விட்டு எண்ணி என்னிடம் சொன்னாள். ஏழு என்றாள். நான் எண்ணினதில் ஐந்துதான். அவள் கண்தான் சரியாக இருக்கும்.

கடைசியாக ஒன்று. இந்தச் சித்திரையில் பம்ப்செட் அறைச் சுவரில், பழைய இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, புதிதாகப் பிசின் குழாய் ஒன்று வந்திருக்கிறது. எனக்கு முன்பே பார்த்தவன் தம்பி. மருந்து அடிக்கும் நாளில் முதலில் வந்து, “அக்கா, அந்தச் சுவத்து மேல ஈரச்சாக்கு போட்டாச்சா?” என்று இப்போது அவன்தான் கேட்கிறான்.

பின்னூட்டங்களுக்கு நாளை சாயங்காலம் பதில் சொல்கிறேன். காலையில் துளசிக் கட்டு அனுப்ப வேண்டும். எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்